தங்கையாவுக்கு வராத வழக்கு

குஞ்சித்தம்பி சேரை ஊரில் யாருக்கும் பிடிக்காது. ஆனால் அவர் வந்து பார்க்காமல் ஊரில் யாரும் முறையாகச் செத்துப்போகவும் முடியாது. அவர் திடீர் மரண விசாரணை அதிகாரி. கிணற்றில் விழுந்தவர், பாம்பு தீண்டியவர், வாவியில் தோணி கவிழ்ந்தவர், படுத்த பாயிலிருந்து காலையில் எழும்பாதவர் என்று, வைத்தியசாலைக்கு வெளியே சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிற எவரையும் அவர் பார்த்து, இன்ன காரணம் என்று எழுதிக் கையெழுத்து வைத்த பிறகுதான் உறவினர்கள் பெட்டியை மூடலாம்.

ஓய்வுபெற்ற பள்ளிக்கூடப் பிரதி அதிபர்களை என்ன செய்வதென்று எந்த அரசாங்கத்துக்கும் தெரிவதில்லை. களுதாவளையில் குஞ்சித்தம்பி ஓய்வு பெற்றபோது அவரை ஏதாவதொரு கோயில் நிர்வாகத்தில் சேர்க்கலாமா என்று ஒரு பேச்சு எழுந்து, எழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. இந்த மனிதரை உயிரோடிருப்பவர்கள் மத்தியில் விட்டுவைப்பது நல்லதல்ல என்று மேலிடத்தில் யாரோ ஒரு புத்திசாலி யோசித்திருக்க வேண்டும். மறு வருடம் நியமனக் கடிதம் வந்தது. செத்தவரைச் சுற்றி உயிரோடிருப்பவர்கள் ஐம்பது பேராவது நிற்பார்கள் என்பதை அந்தப் புத்திசாலி மறந்துபோனார்.

ஒருமுறை ஒரு சாவீட்டு வாசலில் கட்டியிருந்த அஞ்சலிப் பதாகையைக் குஞ்சித்தம்பி அண்ணாந்து பார்த்தார். "இந்தப் படம் எடுத்து இருபத்தஞ்சு வருசம் இரிக்கும். செத்தது இவரா, இவர்ட மகனா?" என்று கேட்டார். மகன் பக்கத்தில்தான் நின்றான்.

இந்த வாய் தானாக வளர்ந்ததல்ல. அதற்கு வீட்டு அலுமாரியில் முப்பத்தொரு புத்தகங்கள் ஆதாரமாக இருந்தன.

புத்தகங்களில் வருகிற துப்பறிவாளரின் பெயர் எட்வின் தங்கையா. தூத்துக்குடிச் சுங்க இலாகாவில் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிட்டு வேலையை விட்டவர். இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். வழக்குக் கொண்டு வருகிறவரை முதல் பத்து நிமிடம் நிற்கவைத்துத் திட்டுவார். பிறகுதான் கதிரையைக் காட்டுவார். நன்றி சொன்னால் கதவைச் சாத்துவார். உலகத்தில் அவருக்கென்று இருந்தது ஒரே ஓர் ஆள், சைக்கிள் திருத்துகிற பக்கிரி. அவனையும் நாள் முழுக்கத் திட்டுவார். ஆனால் பக்கிரிக்கு ஒன்றென்றால் தங்கையா மூன்று நாள் சாப்பிடமாட்டார், பொலிஸ் நிலைய வாசலை விட்டு நகரமாட்டார். மொத்தம் முப்பத்தேழு மாத நாவல்கள். மட்டமான தாள்; அட்டையில் கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண். எழுதியவர் செத்தாரோ சலித்தாரோ, தங்கையா முப்பத்தேழோடு நின்றுவிட்டார்.

பதினாறு வயதில் முதலாம் நம்பரை வாசித்த குஞ்சித்தம்பி, யாரோ தன்னைப் பற்றித் தூத்துக்குடிக்குக் கோள் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தார். அதுவரை அவர் வெறும் சிடுமூஞ்சிப் பையன். அதன் பிறகு சிடுமூஞ்சிக்கு ஒரு பரம்பரை கிடைத்துவிட்டது. யாரையாவது புண்படுத்திவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம், 'தங்கையா என்றால் இன்னும் இரண்டு சொல் கூடச் சொல்லியிருப்பார்' என்று நினைத்து ஆறுதலடைவார்.

மனைவி தெய்வமணிக்கு இந்தச் சமன்பாட்டில் ஒரு குறை இருந்தது. "கோவம் வந்தாத் தங்கையா. பசி வந்தா மட்டும் குஞ்சித்தம்பி. அந்தாளையே போய்ச் சோறு காச்சித் தரச் சொல்லுங்க" என்பாள்.

தங்கையாவிடம் இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று முள், மற்றது விசுவாசம். முள்ளைக் கைக்கொள்ள எந்தச் சிரமமுமில்லை, வாய் இருந்தால் போதும். விசுவாசத்துக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்க்க வேண்டும். அறுபத்தாறு வயதுவரை குஞ்சித்தம்பி முதற்பாதியை மட்டும் பயின்றுகொண்டிருந்தார்.

அவருக்கும் ஒரு பக்கிரி இருந்தார். நல்லரத்தினம். ஒரே வாங்கில் இருந்து படித்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு வயலுக்குப் போனவர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம், பிள்ளையில்லை. குஞ்சித்தம்பியை ஐம்பது வருடமாகச் சகித்துக்கொண்டதற்கு நல்லரத்தினம் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "அவன்ட வாயிலதான்டாப்பா முள்ளு. மற்றதெல்லாம் வாழப்பழம்."

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊர் கிளம்பி ஓடியபோது குஞ்சித்தம்பி தன் தாயைத் தூக்கிக்கொண்டார். நல்லரத்தினம் தன்னுடைய சாமான்களை அப்படியே போட்டுவிட்டு, தங்கையாப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாவிக்கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். ஆறு புத்தகங்கள் நனைந்து கூழாகின. மிஞ்சியது முப்பத்தொன்று.

"அரிசிய விட்டுட்டு ஏன்டா இதத் தூக்கின?" என்று குஞ்சித்தம்பி அகதி முகாமில் வைத்துத் திட்டினார்.

"அரிசிக்கு நீ அழமாட்டாய். இதுக்கு அழுவாய்."

நல்லரத்தினம் அந்தப் புத்தகங்களில் ஒன்றையேனும் வாசித்ததில்லை. ஆனால் முப்பத்தேழு கதைகளையும் குஞ்சித்தம்பி சொல்லிக் கேட்டிருந்தார், சிலதை நான்கைந்து தரம். வாவிக்கரையில் குந்தி இருந்து, கழுத்தில் கட்டியிருக்கும் மஞ்சள் லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்பார். அந்த லேஞ்சி இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. கல்யாண வீட்டுக்கும் அதுதான், வைத்தியசாலைக் கட்டிலிலும் அதுதான்.

*

மாசி மாதத்தில் ஒரு காலை, எட்டு மணிக்குப் பொலிஸ் சார்ஜன்ட் ஸாஹிர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஸாஹிர் காத்தான்குடிக்காரர், குஞ்சித்தம்பியின் முள்ளைப் பல்லுக்குத்தும் குச்சி மாதிரிப் பாவிக்கத் தெரிந்த மனிதர்.

"சேர், படுவான்கரையில ஒரு மையித்து. ஆலங்கட்டு வட்டைக்குள்ள. நெஞ்சு நோ கேஸ். வெயிலேற முந்தி வந்து ஒரு கையெழுத்த வெச்சிட்டீங்கண்டாச் சரி."

"செத்தவன் ஒன்னட்ட வந்து நெஞ்சு நோண்டு சொன்னானா?"

"சொன்னா நான் ஏன் சேர் ஒங்களுக்குக் கோல் எடுக்கிறன்?"

குஞ்சித்தம்பி மோட்டார் சைக்கிளில் பட்டிருப்புப் பாலம் தாண்டி அக்கரைக்குப் போனார். வட்டை முழுக்க நெல் விளைந்து சாய்ந்து நின்றது. வெட்டு மெசின் இன்னும் இறங்கவில்லை. இந்த நாட்களில்தான் யானை இறங்கும். ஆலங்கட்டு வட்டையில் யானை பார்த்துக் காவல் கிடக்கிற ஏழு வாடிக் குடில்கள், அவற்றிலொன்று நல்லரத்தினத்தினுடையது.

மருத மரத்தடியில், வரப்போரம், சிவதர்சன் கிடந்தான். வயது இருபத்தொன்பது. நல்லரத்தினத்தின் தங்கை சீதேவிப்பிள்ளையின் ஒரே மகன். பிள்ளையில்லாத தாய்மாமன் தோளில் வைத்து வளர்த்த மருமகன். அவனுக்கு ஏடு தொடக்கியவர் குஞ்சித்தம்பிதான். அவன் அன்று அரிசியில் எழுதாமல் அரிசியைத் தின்றான் என்பது அவருக்கு இப்போது வேண்டாத நேரத்தில் ஞாபகம் வந்தது.

இப்படி வேண்டாதது ஞாபகம் வரும்போதெல்லாம் அவர் தங்கையாவாகிவிடுவார். அப்போது துக்கம் தெரியாது; தடயம் மட்டும் தெரியும். கண்ணாடியை மூக்கில் இறக்கிக் குனிந்தார்.

"தகப்பனும் நெஞ்சு நோவிலதான் போனாராம் சேர்" என்றார் ஸாஹிர். "பரம்பரை."

"ஸாஹிர், நெஞ்சு நொந்து விழுறவன் எப்பிடி விழுவான்?"

"எப்பிடியும் விழுவான் சேர்."

"எப்பிடியும் விழுவான். இப்பிடி மட்டும் விழமாட்டான்." குஞ்சித்தம்பியின் குரலில் இரண்டு இழை சந்தோசம் கலந்திருந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. "பாரு. கை ரெண்டும் நெஞ்சில. கண் மூடியிரிக்கி. சாரன் முழங்கால் தெரியாம இழுத்து விட்டிரிக்கி. தல எந்தப் பக்கம்?"

ஸாஹிர் சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "தெக்க."

"தெக்க! இதுக்கு என்ன அர்த்தம்?"

"நாங்க கிப்லாவப் பாத்து வெப்பம் சேர். ஒங்கட கணக்கு எனக்குத் தெரியாது."

"எங்கட ஆக்கள் செத்தவனத்தான் தெக்க தல வெச்சுக் கிடத்துவம். நெஞ்சு நொந்து விழுறவன் எவனும் திசை பாத்து…" என்று சொல்லிக்கொண்டே அவர் கால்மாட்டுக்கு நகர்ந்தார். இரண்டு பெருவிரல்களும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. விரல்களைச் சுற்றி மெல்லிய பள்ளம், துணி இறுகக் கட்டி அவிழ்த்த அடையாளம். வலது கணுக்காலுக்கு மேலே பென்சிலால் கீறியது போல ஒரு கறுத்த கோடு. அதைத் தொட்டார். தோல் வெந்திருந்தது.

யாரோ இவனை வேறிடத்திலிருந்து தூக்கி வந்திருக்கிறார்கள். தூக்கி வந்தவன் அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திராது. ஆனால் அவனுக்கு மனம் வரவில்லை. தலையைத் தெற்கே வைத்து, கண்ணை மூடி, பெருவிரலையும் கட்டியிருக்கிறான். அந்நியன் இந்தப் பிழையைச் செய்யமாட்டான். இது அழுதுகொண்டே செய்கிற பிழை.

முப்பத்தேழு நம்பரிலும் இவ்வளவு சுத்தமான ஒரு தடயம் தங்கையாவுக்குக் கிடைத்ததில்லை. குஞ்சித்தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கண்டுபிடித்ததைச் சொல்ல ஒரு முகத்தைத் தேடினார். இப்படியான வேளைகளில் அவர் எப்போதும் தேடுகிற முகம் கூட்டத்தின் பின்னால் நின்றது. நல்லரத்தினம்.

அவருடைய கழுத்தில் லேஞ்சி இல்லை.

"சேர், என்னமோ சொல்ல வந்தீங்க?" என்றார் ஸாஹிர்.

"ஒண்டுமில்ல. வெயில்."

*

சாட்சியம் எடுக்க மருத மரத்து நிழலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள். சீதேவிப்பிள்ளையை இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். குஞ்சித்தம்பி வழக்கமாகக் கேட்கிற கேள்விகளைக் கேட்டார். வழக்கமாகக் கேட்கிற குரல் வரவில்லை.

"கடைசியா எப்ப கண்டீங்க?"

"விடிய நாலரைக்கு சேர். தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். மாமன் குளிருக்க காவல் கிடக்காரெண்டு பிளாஸ்க்கில கொண்டு போனவன். நித்தமும் போறவனில்ல. நேத்து மாமனுக்கு இருமல் எண்டு…"

ஸாஹிர் எழுதிக்கொண்டிருந்தார். சற்று முன்னர் நல்லரத்தினம் சொன்னதையும் அவர்தான் எழுதியிருந்தார்: 'இன்று காலை நான் அவனைக் காணவில்லை.' இரண்டு தாளையும் சேர்த்துப் பார்க்க ஸாஹிருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

சீதேவிப்பிள்ளை கைகூப்பினாள். "புள்ளைய வெட்டப்படாது. முழுசா வீட்ட கொண்டு போக விடுங்க. வேற ஒண்டும் நான் கேக்கல்ல."

இரண்டு வழிகள்தான். இயற்கை மரணம் என்று எழுதினால் சிவதர்சன் மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய்விடுவான். பிரேத பரிசோதனை என்று எழுதினால் வைத்தியசாலை, அறிக்கை, நீதிவான், நல்லரத்தினம்.

"பத்து நிமிசம்" என்றார் குஞ்சித்தம்பி. "வட்டையப் பாக்கணும். நல்லரத்தினம், வா."

இருவரும் வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். வாடியைச் சுற்றி நட்டிருந்த குற்றிகளின் தலையில் போத்தல் கழுத்துகள் கவிழ்த்திருந்தன, யானைக்குக் களவாக இழுக்கிற மின்கம்பி குற்றியில் முட்டாமல் ஓட. கம்பியைக் காணவில்லை. வாடிக்குள், சாக்கு மூட்டைக்குப் பின்னால், சிவப்புப் பிளாஸ்க் இருந்தது. மூடி திறக்கப்படவில்லை.

குஞ்சித்தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அஞ்சு மணிக்கு கரண்ட நிப்பாட்டுவன்" என்றார் நல்லரத்தினம். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. "இண்டைக்கு இருமி இருமிக் கிடந்து கண்ணயந்திட்டன். சத்தம் கேட்டது. யானையாக்கும் எண்டு நினைச்சன். கொஞ்சம் சந்தோசப்பட்டும் போனன்டா."

"தூக்கி வந்து ஏன்டா கால் விரலக் கட்டின?"

"கால் அகண்டு அகண்டு போச்சுது. பாக்க ஏலாமக் கிடந்திச்சி. லேஞ்சியால கட்டினன். மறுகாத்தான் ஓடிச்சி, நெஞ்சு நொந்து செத்தவன் தன்ட விரலத் தானே கட்டுவானா எண்டு. அவிட்டுட்டன்."

"தலையத் திருப்பியிரிக்கலாமே."

"அதுக்கு மனம் வரல்ல."

வெளியே மயிலொன்று கத்தியது. குஞ்சித்தம்பி பேனையைச் சட்டைப் பைக்குள் வைத்தார், மீண்டும் எடுத்தார்.

"நெஞ்சு நோண்டு எழுது" என்றார் நல்லரத்தினம். கெஞ்சவில்லை, வீட்டு வேலை சொல்லுகிற மாதிரிச் சொன்னார். "எனக்காக இல்ல. சீதேவிக்கு மகன் போயிட்டான். கொன்றது அண்ணன் எண்டு தெரிஞ்சா அண்ணனும் இல்ல. ரெண்டு பேரையும் ஒரே நாளில ஏன்டா எடுக்கிற?"

"நான் எடுக்கல்ல."

"நீ எழுதினாத்தானே போவன்."

பத்தொன்பதாம் நம்பரில் பக்கிரி மீது கொலைப்பழி விழுகிறது. கத்தி, இரத்தம், சாட்சி எல்லாம் அவனுக்கு எதிர். ஊரே அவனைக் கைவிட, தங்கையா மட்டும் 'என் பக்கிரி செய்திருக்க மாட்டான்' என்று நிற்கிறார். கடைசி அத்தியாயத்தில் வேறொருவன் அகப்படுகிறான். அந்தப் பக்கங்களில் குஞ்சித்தம்பி ஒவ்வொரு முறையும் கண்ணைத் துடைத்திருக்கிறார். எழுதியவன் எவ்வளவு சௌகரியமாக எழுதிவிட்டான் என்பது ஆலங்கட்டு வட்டை வாடிக்குள் நிற்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. முப்பத்தேழு புத்தகத்திலும் பக்கிரி ஒருதரம்கூடக் குற்றவாளியில்லை. குற்றமில்லாத கூட்டாளிக்கு விசுவாசமாக இருக்க யாரால்தான் முடியாது?

"வாகரைப் பொடியனுக்கு எழுதினாய்தானே?" என்றார் நல்லரத்தினம்.



மூன்று வருடத்துக்கு முன்னர், இதே வட்டையில், வேறொருவருடைய வாடிக்கருகே, வாகரையிலிருந்து கூலிக்கு வந்த ஒரு பையன் செத்துக் கிடந்தான். கணுக்காலில் இதே கறுத்த கோடு. மறுநாள் பொங்கல். எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். பையனுக்காகப் பேச அங்கே யாரும் இல்லை. குஞ்சித்தம்பி கோட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். மாரடைப்பு என்று எழுதினார். அன்று மாலை வாவிக்கரையில் அதைச் சொன்னதும் நல்லரத்தினத்திடம்தான். வாழ்க்கையில் அவர் முள்ளே இல்லாமல் நடந்துகொண்ட ஒரே நாள் அது. ஊர் அவரைப் புகழ்ந்ததும் அன்றுதான்.

"ஒண்டு கேக்கன், உண்மையச் சொல்லு" என்றார் குஞ்சித்தம்பி கடைசியில். "நான் நெஞ்சு நோண்டு எழுதிட்டன் எண்டு வை. புள்ளைய எடுத்து அடக்கியாச்சு. மறுகா கம்பி கட்டுவாயா?"

நல்லரத்தினம் சாய்ந்து கிடந்த நெல்லைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். காலையில் சொன்ன ஒரு பொய்யே அவருக்கு வாழ்நாள் முழுக்கப் போதும் போலிருந்தது.

"யானை வருமேடா" என்றார்.

*

குஞ்சித்தம்பி பிரேத பரிசோதனை என்று எழுதினார். முதலில் சேர் என்று கும்பிட்ட சீதேவிப்பிள்ளை, இப்போது "அண்ணன், அண்ணன்" என்று அவருடைய காலைப் பிடித்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டபோது, ஒரு கணம் தங்கையாவின் நடை போலத்தான் இருந்தது. ஊர் அதை அப்படிப் பார்க்கவில்லை. "ஏடு தொடக்கின கை" என்று ஒருவர் காறித் துப்பினார்.

அந்தத் துப்பல் நியாயமானதா என்று அவர் யோசித்தார். இதுவரை ஊர் துப்பியதெல்லாம் அநியாயம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

போகும்போது நல்லரத்தினத்திடம், "அறிக்கை வர முந்தி நீயே ஸாஹிரிட்ட சொல்லு. நானும் வாறன்" என்றார். நல்லரத்தினம் அவரைப் பார்க்காமல் நடந்தார். அறிக்கை வந்தது: மின்சாரம். பிளாஸ்க் கதையையும் காலை வாக்குமூலத்தையும் ஸாஹிர் அதற்குள் சேர்த்துப் பார்த்துவிட்டார். மாமனைக் கூட்டிப்போகச் சாவீட்டு முற்றத்துக்கு ஜீப் வந்தது. தமையன் படியிறங்கும்வரை பார்த்திருந்த சீதேவிப்பிள்ளை, பிறகு வீட்டுக்குள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

குஞ்சித்தம்பி பொலிஸ் நிலைய வாங்கில் போய் இருந்தார். யாரும் கூப்பிடவில்லை.

"சேர், நீங்க சாட்சி. சாட்சி வழக்கு எதிரிக்குப் பக்கத்தில இரிக்கப்படாது" என்றார் ஸாஹிர்.

"வாங்கு அரசாங்கத்தட."

"அல்லாவே. கண்டுபிடிச்சவரும் நீங்க, காவல் இரிக்கிறவரும் நீங்களா?"

குஞ்சித்தம்பி எழும்பவில்லை. அந்த வாங்கில் மூன்று நேரச் சாப்பாடு இல்லாமல் இருந்துபார்த்தார். தங்கையாவால் மூன்று நாள் முடிந்தது, இவருக்கு நீரிழிவு. மாலையில் தெய்வமணி சோற்றுப் பார்சலோடு வந்தாள். இரண்டு பார்சல். ஒன்றை உள்ளே அனுப்பினாள். ஒன்றைப் புருசனின் மடியில் வைத்தாள்.

"அந்தப் பேய்ப் புத்தகத்த வாசிக்காம இரிந்திரிந்தா அந்தக் காலைப் பாத்திரிக்க மாட்டீங்க" என்றாள். பிறகு, "பாத்துட்டும் எழுதாம வந்திரிந்தீங்களெண்டா நான் ஒங்களுக்குச் சோறு தந்திரிக்க மாட்டன்" என்றாள். இரண்டில் எதை அவள் உண்மையாகச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் தன் பழைய பதிவேட்டைப் புரட்டி வாகரைப் பையனின் பெயரைத் தேடினார். பெயர் அவருக்கு மறந்துபோயிருந்தது. நிஷாந்த். வயது பத்தொன்பது. அந்த மரணத்தைத் தாம் பிழையாக எழுதியதாகவும், காலிலிருந்த கோட்டைப் பார்த்தே அப்படி எழுதியதாகவும் நீதிவானுக்கு ஒரு கடிதம் எழுதினார். தங்கையா எந்த நம்பரிலும் இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. நியமனம் போயிற்று. அந்தப் பதவிக்கு அடுத்த ஓய்வுபெற்ற பிரதி அதிபர் வந்துவிட்டார். எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறாராம். ஆலங்கட்டு வட்டையில் மற்ற ஆறு வாடிக்காரர்களும் இரண்டு கிழமை கம்பியைச் சுருட்டி வைத்தார்கள். மூன்றாம் கிழமை யானை வந்தது.

நல்லரத்தினத்துக்குப் பிணை கிடைத்தது. ஆனால் கையெழுத்து வைக்க உறவில் யாரும் முன்வரவில்லை. குஞ்சித்தம்பி முன்வந்தார். நல்லரத்தினம் மன்றிலேயே சொல்லிவிட்டார்: "அவன்ட கையெழுத்தில வெளிய வாறதுக்கு நான் உள்ளுக்கயே இரிக்கன்." ஐம்பது வருடப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் முள் அது. ஆழமாகத்தான் ஏறியது.

சனிக்கிழமை தோறும் குஞ்சித்தம்பி பஸ் ஏறி மட்டக்களப்பு நகரத்துச் சிறைச்சாலைக்குப் போனார். பெயர் கொடுப்பார். உள்ளே போய்க் கேட்டு வருவார்கள். "அவர் வரல்லயாம்." பார்வையாளர் நேரம் முடியும்வரை இருப்பார். பார்சலைக் கொடுத்துவிட்டு வருவார். இப்படிப் பத்துக் கிழமை. பார்சல்கள் மட்டும் ஒருநாளும் திரும்பி வரவில்லை. நல்லரத்தினத்துக்குத் தெய்வமணியின் சமையல் மீது கோபமில்லை.

பதினோராவது சனிக்கிழமை அவர் வந்தார். மெலிந்திருந்தார். கழுத்து வெறுமையாக இருந்தது. லேஞ்சி வழக்குப் பொருளாக நீதிமன்றத்தில் இருக்கிறது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். குஞ்சித்தம்பிக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவர் வாய் இப்படிப் பூட்டிக்கொண்டதை ஊர் பார்த்திருந்தால் கோயிலில் பொங்கியிருக்கும்.

"சீதேவி எப்பிடி?" என்றார் நல்லரத்தினம்.

"தெய்வமணி போய்ப் பாக்கிறா. நான் போனாக் கதவு திறக்கிறல்ல."

"திறக்காள்." கழுத்தைத் தடவினார். பிறகு, "ஒன்ட அழுமூஞ்சிய நித்தமும் இஞ்ச கொண்டு வாற எண்டா ஒரு உபகாரம் செய். அந்தத் தங்கையாப் புத்தகம் ஒண்டு கொண்டு வா."

குஞ்சித்தம்பி நிமிர்ந்தார். "வாசிக்கவா?"

"வாசிக்க ஆருக்கு வேணும்? இஞ்ச தலையணை இல்ல. தடிப்பானதாப் பாத்துக் கொண்டு வா." திரும்பி நடந்தவர் நின்றார். "நான் ஒன்ன மன்னிச்சிட்டன் எண்டு ஊருக்குள்ள போய்ச் சொல்லிக்கொண்டு திரியாத. மன்னிக்கல்ல."

"நான் ஒன்னட்டக் கேக்கவுமில்ல."

"பின்ன சரி."

அன்று மாலை குஞ்சித்தம்பி அலுமாரியைத் திறந்தார். இருப்பதில் மிகத் தடிப்பானது பத்தொன்பதாம் நம்பர்தான், பக்கிரி குற்றமற்றவனாகிற கதை. அதைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தார். திரும்பவும் வைத்தார். அதற்குப் பதிலாக மெல்லிய நம்பர்கள் மூன்றை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நூலால் கட்டினார். கட்டை இறுக்கும்போது சேர்த்துக் கட்டிய இரண்டு பெருவிரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. முடிச்சை அவிழ்த்து, துணியில் சுற்றிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் காவலர் துணியை விரித்து, தாள்களைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன புத்தகம் ஐயா?"

"துப்பறியுற கதை."

"கடைசியில ஆர் செஞ்ச?"

"மூண்டிலயும் வேற ஆரோ" என்றார் குஞ்சித்தம்பி. "கூட்டாளி இல்ல."